காலடி வைத்த இடத்தில் காலடி

தரையில் கால் வைக்காமல் போய்ச் சேரலாம் என்றால் எந்த ஊருக்கும் நான் தயார். விமானத்தில் ஏறினால் உட்கார்ந்துகொள்ளலாம், இடுப்பில் பட்டை போட்டுக்கொள்ளலாம், தண்ணீர் கேட்டால் கொண்டுவந்து தருவார்கள். எனக்குப் பயம் நடப்பதில்தான், அதுவும் வெட்டவெளியில் நடப்பதில்.

இது பிறவிக் குணம் இல்லை. தூத்துக்குடி கடற்கரையில் நானும் என் கணவரும் தினமும் காலையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடப்போம். ஒரு நாள் 'அருள் நிறைந்த மரியே' என்கிற மங்கள வார்த்தையின் பாதியில் அவர் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படியே மணலில் குப்புறச் சரிந்தார். அன்றிலிருந்து திறந்தவெளியில் நாலு எட்டு வைத்தால் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி யாரோ நெஞ்சை முறுக்குகிறார்கள். தெருக்கோடியில் இருக்கிற கோயிலுக்குக்கூட ஆட்டோவில்தான் போகிறேன். "மீட்டர் போடுறதுக்குள்ள கோயில் வந்துருதேம்மா" என்று ஆட்டோக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

கனடாவில் இருக்கும் என் மகள் ஜெனி பிள்ளை உண்டாகியிருந்தாள். முதலில் வந்தது தங்கவில்லை. அது போன அன்று அவள் வீட்டில் தனியாகக் கிடந்தாள். மருமகன் ரொஷானுக்கு லாரி ஓட்டுகிற வேலை, எங்கோ தூரத்தில் இருந்தான். இந்த முறை யாராவது கூடவே இருக்கவேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். யாராவது என்றால் இரண்டே பேர்தான். ஒன்று நான். இன்னொன்று யாழ்ப்பாணத்தில் இருக்கும் ரொஷானின் அம்மா பிலோமினா. சம்பந்தியம்மாள் கோழிகளைப் பார்க்க ஆளில்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்களாம். நான் முட்டுவலி என்று சொல்லியிருந்தேன்.

முட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஜெனி தன் வீட்டு வாசலில் நின்று கைபேசியில் தெருவைக் காட்டினாள். பனி மூடி, கண்ணுக்கெட்டியவரை வெள்ளையாக, ஒரு ஈ காக்காய் இல்லாமல் கிடந்தது. அதில் நடந்து பேருந்துக்குப் போகவேண்டுமாம். எனக்கு இங்கே மின்விசிறிக்குக் கீழே வியர்த்துவிட்டது.

"மொதல்ல யாழ்ப்பாணம் போயி ரொஷான் அம்மாவப் பாத்துட்டு வாங்கம்மா. பக்கம்தான. அப்படியே பழகிக்கும்" என்றாள் ஜெனி. கல்யாணம் கனடாவிலேயே நடந்துவிட்டதால் சம்பந்திகள் இரண்டு பேரும் முகம் பார்த்ததில்லை. நான் உடனே சரி என்றேன். என் மனதில் வேறு கணக்கு இருந்தது. நேரில் போய், கையைப் பிடித்து, 'நீங்களே போங்கக்கா' என்று கேட்டுவிடுவது. கோழிக்காகப் பேரப்பிள்ளையை விடுகிறவர்கள் உண்டா என்ன?

யாழ்ப்பாணத்துப் பலாலியில் விமானம் இறங்கியபோது பக்கத்து இருக்கைக்காரர் இன்னும் தன் சமோசாவை முடித்திருக்கவில்லை. அவ்வளவு பக்கம். முட்டுவலி என்று சொல்லிச் சக்கர நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டே வெளியே வந்து, ஆட்டோ பிடித்தேன். ஆளில்லாத ஒரு வளைவில் டயர் காற்றுப் போய் நின்றது.

"இறங்கி நில்லுங்கோ அம்மா. ஆனால் தார் றோட்டை விட்டு இறங்காதேங்கோ" என்றார் ஓட்டுநர்.

"ஏன், பாம்பு இருக்கா?"

"பாம்பும் இருக்கும். உதெல்லாம் முந்தி ஆமி வைச்சிருந்த காணி. மிதிவெடி எல்லாம் கிளறி எடுத்தாச்சு எண்டுதான் சொல்லுகினம். எண்டாலும் ஒரு பழக்கம்."

கம்பி வேலி ஓரத்தில் சிவப்புப் பலகை ஒன்று சாய்ந்து கிடந்தது. அதில் கண்ணிவெடி எச்சரிக்கையாக ஒரு மண்டையோடு. பின்னால் பனைமரம், உடைமுள், செம்மண். அப்படியே எங்கள் தேரிக்காடு. இந்த மாதிரி இடத்தில்தான் சின்ன வயதில் பனங்கிழங்கு தோண்டித் தின்றிருக்கிறோம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலில், நல்ல வெயிலில், தெரிந்த மரங்களே பேயாகத் தெரிந்தன. டயர் மாட்டி முடிக்கும்வரை சாலையின் வெள்ளைக் கோட்டின் மேலேயே நின்றேன். எதிரே வந்த லாரிக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

பிலோமினா அக்காவின் வீடு மருதனார்மடம் சந்தைக்குக் கொஞ்சம் உள்ளே. வாசலிலேயே நின்றிருந்தார்கள். நெடுநெடுவென்று உயரம், காலில் செருப்பில்லை, என்னைவிட நாலைந்து வயது மூப்பு இருக்கும்.

"வாங்கோ சம்மந்தி, வாங்கோ. வழியிலை காத்துப் போட்டுதாமே? பயந்திட்டியளோ?"

"இல்லக்கா" என்றேன். முகம் காட்டிக்கொடுத்திருக்கும்.

இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்தார்கள். எங்கள் பக்கம் சொதி என்றால் கல்யாணத்துக்கு அடுத்த நாள் மறுவீட்டு விருந்து. இங்கே தினமும் காலையும் மாலையும் அதுதான். மஞ்சள் தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று நினைத்து வாயில் வைத்தேன். மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் சந்தைக்குப் புறப்பட்டோம். அக்கா நடந்தார்கள், நான் ஆட்டோவில் போனேன். அவர்களுடைய வேகத்துக்கு ஆட்டோ மெதுவாகப் பின்னால் ஊர்ந்தது. தேங்காய் வியாபாரி ஒருவர், "என்ன பிலோமியக்கா, பெம்பிளை ஊர்வலமோ?" என்று கேட்டார். கல்யாணப் பெண்ணைக் காரில் வைத்து ஊர்வலம் கொண்டுபோகிறார்களா என்கிற கேலி. அக்கா சிரிக்காமல், "ஓம், மாப்பிளையைத்தான் தேடுறம்" என்றார்கள். எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்து, காய்கறிகளைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது ஒரு வேடிக்கை நடந்தது. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். விறுவிறுவென்று குசினிக்குள் போனார்கள். வானொலியைக் கத்தவிட்டார்கள். கூடவே அரைக்கிற மிசினையும் ஓடவிட்டார்கள். தேங்காய் துருவித் தரலாம் என்று நான் எட்டிப் பார்த்தேன். மிசினுக்குள் ஒன்றும் இல்லை. வெறும் சாடி கடகடவென்று சுற்றுகிறது. அக்கா கண்ணை இறுக மூடி, மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள்.

"மிசின் பழசு. இடைக்கிடை ஓடவிட்டு வைக்கவேணும்" என்றார்கள்.

வீட்டுக்கு வீடு வாசற்படி என்று நான் கேட்காமல் விட்டேன்.

சாயங்காலம் தேத்தண்ணியோடு உட்கார்ந்தபோது விஷயத்தை எடுத்தேன். "ஜெனிக்கு ஒத்தாசைக்கு நீங்க போகணும்க்கா. என்னால முடியல."

"கோழியள் நிக்குது, சம்மந்தி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஆறு கோழிக்கா? போன தடவ எம்புள்ள ரத்தத்துல கெடந்து ஆம்புலன்சுக்கு ஒத்தையில போன் அடிச்சிருக்கா. உங்களுக்கு ஆறு கோழி பெருசாப் போச்சா?"

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார்கள். சொன்னது அதிகமோ என்று எனக்குப் பட்டது. பிறகு, "நாளைக்கு வெள்ளிக்கிழமை. தவக்காலத்திலை வெள்ளிக்கு வெள்ளி நாங்கள் கொஞ்சப்பேர் நடக்கிறம். நீங்களும் வாங்கோ. நடந்து முடிச்சால் கனடாக் கதை கதைப்பம்" என்றார்கள்.

"என்னால நடக்க..."

"முட்டுவலி எண்டு ஜெனி சொன்னவ. ஆறுதலா, மெதுவாத்தான் போவம்."

ஜெனியை நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். இரவு முழுக்க அந்த மண்டையோட்டுப் பலகை கண்ணுக்குள் நின்றது.

விடிந்தும் விடியாமலும் ஒரு வேனில் காங்கேசன்துறைக்குக் கிழக்கே, கடலோரமாகக் கொண்டுபோய் இறக்கினார்கள். தார்ச்சாலை அங்கே முடிந்தது. அதற்கப்பால் புதர், மணல், பனை. என்னோடு எட்டுப் பேர் இருந்தோம். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், எல்லோரும் வெறுங்கால். நான் மட்டும் கேன்வாஸ் சப்பாத்து. முன்னால் போகிறவர் அருளப்பு அண்ணை, முன்பு கடலுக்குப் போனவர், இப்போது கோயில் காரியங்களைப் பார்க்கிறவர். எனக்காக அவரே விளக்கம் சொன்னார்.

"எங்கடை ஊர் உங்காலை இருந்தது, அம்மா. சண்டைக்குள்ளை விட்டிட்டு ஓடினனாங்கள். கனகாலத்துக்குப் பிறகு போய்ப் பாருங்கோ எண்டு திறந்துவிட்டாங்கள். வெடி எல்லாம் எடுத்தாச்சாம். ஆர் நம்புறது? நான் முன்னுக்குப் போனன். என்ரை அடியிலை இவை அடி வைச்சு வந்தினம். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. கோயிலடிக்குப் போய்ச் சேந்தாப் பிறகுதான் யோசிச்சம், வாழ்க்கையிலை இப்பிடி ஒரு நாளும் செபிக்கேல்லை எண்டு. அதைத்தான் இப்பவும் செய்யிறம். தியானம் எண்டு பெரிசா ஒண்டுமில்லை. முன்னாலை போறவற்றை காலடியிலை காலடி வைக்கிறது. கதைக்கிறேல்லை. முன்னுக்கு நிக்கிறவர் நிண்டால் எல்லாரும் நிக்கிறது, ஏன் எண்டு கேக்கிறேல்லை. முன்னுக்குப் போறவர் திரும்பிப் பாக்கிறேல்லை."

"இப்போ வெடி கெடையாதுல்ல?" என்றேன்.

"இல்லை எண்டுதான் சொல்லுகினம்" என்றார் அவரும். பிறகு சாதாரணமாக, "கிணறுகள்தான் கவனம். கட்டு இடிஞ்சு போச்சு, மேலாலை புல்லு மூடிக் கிடக்கும்" என்றார்.

வரிசையில் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள். யோசிக்கவே இல்லை, கடைசி என்றேன். ஏழு பேர் மிதித்துப் பார்த்த இடத்தை எட்டாவதாக மிதிப்பதைவிடப் பாதுகாப்பு உலகத்தில் உண்டா? பிலோமினா அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். அதற்குள் அண்ணை சிலுவை அடையாளம் போட்டுவிட்டார். மௌனம் தொடங்கிவிட்டது.

ஒரு காவல் அரணைத் தாண்டவேண்டியிருந்தது, பக்கத்தில் உயரமாக ஒரு தண்ணீர்த் தொட்டி. துப்பாக்கியோடு ஒரு சிப்பாய்ப் பையன் இறங்கி வந்து சிங்களத்தில் ஏதோ கேட்டான். என் காலைக் காட்டிக் கேட்டான். அருளப்பு அண்ணை இதற்கு மட்டும் வாய் திறந்தார்: "கடைசியா நிக்கிற அம்மா ஏன் சப்பாத்தோடை போறா எண்டு கேக்கிறான். தன்ரை அம்மா மலைக்கு யாத்திரை போறவவாம், வெறுங்காலோடை. பயம் வந்தால் பாட்டுப் படிச்சுக்கொண்டு ஏறுவாவாம்." பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். திருப்பிச் சிரிக்க எனக்கு முகம் வரவில்லை.

நடந்தோம். நடந்தேன் என்று எழுதவே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. முன்னால் அக்காவின் குதிகால், வெடித்துக் காய்ந்த செம்மண் நிலம் மாதிரி. அது தூக்கினதும் அந்தத் தடத்தில் என் சப்பாத்து. மறுபடி குதிகால், மறுபடி சப்பாத்து. கண்ணை அங்கே இங்கே எடுக்கவில்லை. நெஞ்சு முறுக்கத்தான் செய்தது, ஆனால் அதற்கு இடம் கொடுக்க எனக்கு நேரமில்லை. கொஞ்ச தூரம் போனதும் உதடு தானாக மங்கள வார்த்தை சொல்லத் தொடங்கியிருந்தது. அவர் போன பிறகு நடந்துகொண்டே நான் செபித்தது அதுதான் முதல் தடவை. இதுவல்லவா தியானம் என்று ஒரு பெருமைகூட வந்தது. அந்தப் பெருமைக்குச் சீக்கிரமே அடி கிடைத்தது.

கோயிலில் கூரை இல்லை. நாலு சுவர், பீடம் இருந்த இடத்தில் ஒரு அத்திமரம், ஜன்னல் வழியாகக் கடல். சுவரில் உள்ள ஓட்டைகளை எதனால் வந்தவை என்று நான் கேட்கவில்லை. சிலுவைப்பாதை செபித்தோம், மனதுக்குள்ளேயே. அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் ஆளுக்குக் கொஞ்சம் கிடைத்தது. அதையும் பேசாமலே தின்றோம்.

புறப்படும் நேரம் வந்தது. வந்த வரிசையிலேயே எல்லோரும் நின்றார்கள். நானும் போய் அக்காவுக்குப் பின்னால் நின்றேன். அருளப்பு அண்ணை கையை உயர்த்தினார். எல்லோரும் நின்ற இடத்திலேயே திரும்பினார்கள்.

அக்காவின் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. அக்கா கண்ணால் என்னைத் திரும்பச் சொன்னார்கள். திரும்பினேன். எனக்கு முன்னால் யாரும் இல்லை. மணல் மட்டும் இருந்தது.

அவர்கள் இடம் மாறுவதில்லை. போகும்போது கடைசியாகப் போனவர்தான் வரும்போது முதல். இதைத்தான் அக்கா காலையில் சொல்ல வந்திருக்கிறார்கள். பயந்து பயந்து நானே எனக்குத் தேடிக்கொண்ட இடம் அது.

மறுத்துச் சொல்ல வழியில்லை, பேசக்கூடாது. ஒரே ஆறுதல், போகும்போது கடைசியாகப் போனதால் எல்லோருடைய தடத்தின் மேலும் என் சப்பாத்து அச்சுத்தான் விழுந்திருந்தது, வரிவரியாக, நன்றாகத் தெரிந்தது. என் தடத்திலேயே நான் எதிர்ப்பக்கமாக நடக்கவேண்டும், அவ்வளவுதானே. குனிந்த தலை நிமிராமல் நடந்தேன். பின்னால் ஏழு பேரின் மூச்சு என் முதுகில் இருந்தது.

பாதி வழியில் தடம் நின்றுவிட்டது. நாங்கள் செபித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு ஆட்டுப்பட்டி குறுக்கே போயிருக்கிறது. மணல் முழுக்கக் குளம்பு, புழுக்கை. அதற்கு அப்பால் புல்லும் முள்ளும். முள்ளுக்கு இடையில் இங்கே ஒரு இடைவெளி, அங்கே ஒன்று, இன்னும் தள்ளி ஒன்று. எதன் வழியாக வந்தோம்? எனக்குத் தெரியாது. வரும்போது நான் ஒரு மரத்தைக்கூடப் பார்க்கவில்லை. அக்காவின் குதிகாலை மட்டும்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அதைத் தியானம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

நின்றேன். எல்லோரும் நின்றார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெயில் ஏறியது. ஒரு காலைத் தூக்குவேன், புல்லுக்கடியில் கிணறு திறந்து கிடப்பதாகத் தோன்றும், வைத்துவிடுவேன். அடுத்த காலைத் தூக்குவேன், அந்தச் சிவப்புப் பலகை ஞாபகம் வரும். நெஞ்சு முறுக்கத் தொடங்கியது. இந்த முறை அதற்கு இடமும் நேரமும் தாராளமாக இருந்தது. சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மங்கள வார்த்தையைத் தொடங்கினேன், பாதியில் நின்றது. அவர் நின்ற அதே பாதியில். இங்கேயே செத்துப்போவேன் என்று நிச்சயமாக நம்பினேன். ஜெனிக்கு யார் போன் பண்ணிச் சொல்வார்கள் என்றுகூட யோசித்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை.

அப்போதுதான் கடல் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் வண்டு மாதிரி, பிறகு உறுமலாக. பலாலிக்கு இறங்குகிற விமானம், நான் வந்தது மாதிரியே ஒன்று, பனைகளுக்கு மேலே மிகவும் தாழ்வாக வந்தது. எனக்கு அந்தச் சத்தம் சமோசாவையும் இடுப்புப் பட்டையையும்தான் நினைவுபடுத்தியது. அந்த ஒரு நொடி நான் பயப்படவில்லை.

பின்னால் யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தேன்.

பிலோமினா அக்கா வரிசையில் இல்லை. தடம் இல்லாத புல்வெளிக்குள் குனிந்துகொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பூவரச மரத்தடியில் குப்புற விழுந்தார்கள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"பிலோமி! அசையாதை! அப்பிடியே கிட!" வரிசையின் அந்தக் கோடியிலிருந்து அருளப்பு அண்ணையின் குரல் கிழிந்தது. "மற்ற ஆக்கள் ஒருத்தரும் இறங்காதேங்கோ!"

ஒருவரும் இறங்கவில்லை. எல்லோர் முகமும் வெளிறிவிட்டது. எல்லாம் எடுத்தாச்சு, எல்லாம் எடுத்தாச்சு என்று எனக்குச் சொன்னவர்கள், ஒருவர்கூட அதை நம்பியிருக்கவில்லை.

அந்த வெற்று மிசின் அப்போதுதான் எனக்கு விளங்கியது. விமானம் வருகிற நேரம் அக்காவுக்குத் தெரியும், வீட்டில் அந்தச் சத்தத்தை மிசின் சத்தத்தில் அமுக்கிவிடுவார்கள். வெள்ளிக்கிழமைகளில் அது வருவதற்குள் நடை முடிந்து வேனுக்குள் ஏறியிருப்பார்கள். இன்றைக்கு நான் நின்றேன். நான் நின்றதால் வெட்டவெளியில் அகப்பட்டுக்கொண்டார்கள்.

குப்புறக் கிடந்த முதுகைப் பார்த்தேன். மணலில் இன்னொரு முதுகு இப்படிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் நான் எதையும் யோசித்ததாக ஞாபகம் இல்லை. புல்லுக்குள் காலை வைத்தேன். தைரியம் என்று யாரும் நினைக்கவேண்டாம். வாய் உலர்ந்து, பல் கிட்டி, ஒவ்வொரு அடிக்கும் 'இதுதான், இதுதான்' என்று சொல்லிக்கொண்டே போனேன். புல்லில் ஏதோ சலசலத்து ஓடியது, கத்திவிட்டேன். ஆனால் காலை எடுக்கவில்லை, அடுத்ததை வைத்தேன்.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தேன். அக்காவுக்கு உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது.

"போட்டுதா?"

"போயிருச்சுக்கா. அது பயணிகள் பிளேன். நான்கூட அதுலதான வந்தேன்."

"தெரியும், சம்மந்தி. எனக்குத் தெரியும், காதுக்குத் தெரியேல்லை. ரொஷானை வயித்திலை வைச்சுக்கொண்டு, குண்டு போட வந்த பொம்மருக்குப் பயந்து ஓடினனான். பங்கருக்குள்ளை போக முதல் விழுந்தன். அண்டையிலையிருந்து உந்தச் சத்தம் கேட்டால் கால் தன்ரை பாட்டிலை ஓடுது." மூச்சு வாங்கினார்கள். "கோழியைப் பாக்க ஆயிரம் பேர் இருக்கினம். உதுக்குள்ளை ஏறி நான் எப்பிடி இருக்கிறது, சொல்லுங்கோ? பெத்த பிள்ளைக்குச் சொல்ல வெக்கமா இருந்தது."

நேற்று நான் கத்தியதெல்லாம் எனக்குத் திரும்பி வந்தது.

"எனக்கு முட்டுவலி கெடையாதுக்கா" என்றேன்.

அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். முகமெல்லாம் மண். "தெரியும். முட்டு நோகிறவை என்ரை வீட்டுப் படியிலை அப்பிடி ஏறமாட்டினம்" என்றார்கள்.

எழுந்தோம். "நீங்கள் முன்னுக்குப் போங்கோ. நான் உங்கடை அடியிலை வாறன்" என்றார்கள். மிதிபட்ட புல்லில் என் தடம் தெரிந்தது. அதிலேயே வரிசைக்கு வந்தோம். பிறகு நான் செய்யாமல் விட்ட காரியத்தைச் செய்தேன். தலையை நிமிர்த்திப் பார்த்தேன். தூரத்தில், காவல் அரணுக்குப் பக்கத்தில் இருந்த உயர்ந்த தண்ணீர்த் தொட்டி புதருக்கு மேலே தெரிந்தது. அதற்கு நேரே இருந்த இடைவெளிக்குள் நுழைந்தேன். வழி நெடுக நெஞ்சு முறுக்கிக்கொண்டுதான் இருந்தது. அது விடவில்லை, நானும் நிற்கவில்லை.

காவல் அரணில் அந்தப் பையன் முதல் ஆளாக என்னைக் கண்டு கண்ணை அகல விரித்தான். ஏதோ கேட்டான்.

"பாட்டுப் படிச்சீங்களோ எண்டு கேக்கிறான்" என்றார் அருளப்பு அண்ணை.

"கத்துனேன்னு சொல்லுங்க" என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சொன்னபடியே கனடாக் கதை பேசினோம். ஒருவர் மட்டும் போவதென்றால் இரண்டு பேருமே போகமாட்டோம் என்பது தெளிவாகிவிட்டது. விமானத்துக்குள் இருப்பதற்கு அக்காவுக்கு ஆள் வேண்டும், இறங்கி அந்தப் பனித்தெருவில் நடப்பதற்கு எனக்கு ஆள் வேண்டும். ஜெனியைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கோழி?" என்றாள். "அருளப்புவின்ரை வளவிலை விடுறன்" என்றார்கள் அக்கா.

முதலில் அக்கா என்னோடு தூத்துக்குடிக்கு வருவது, அது ஒத்திகை. அங்கிருந்து கனடா. சில நாள் கழித்துப் பலாலியில் நின்றோம். அங்கே விமானம்வரை திறந்தவெளியில்தான் நடந்து போகவேண்டும். கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டார்கள். வெளியே நான் பல வருடமாகப் பார்க்காத அளவுக்குப் பெரிய வெட்டவெளி. ஒரு மரம் இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு சுவர் இல்லை. தள்ளி நின்ற இன்னொரு விமானம் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பார்த்தேன். அக்காவின் உதடு வெளுத்திருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள்.

"முன்னுக்குப் போங்கோ. திரும்பிப் பாக்காதேங்கோ" என்றார்கள்.

நடந்தேன். நெஞ்சு உடனே முறுக்கிக்கொண்டது. அந்த உறுமலில் பின்னால் எதுவும் கேட்கவில்லை. வருகிறார்களா, கதவடியிலேயே நின்றுவிட்டார்களா, புல்லுக்குள் ஓடிவிட்டார்களா, தெரியாது. திரும்பிப் பார்க்க உயிர் துடித்தது. பார்க்கவில்லை. மங்கள வார்த்தையைத் தொடங்கினேன். பாதி வந்தது. அதையும் தாண்டிச் சொல்லி, முடிவுவரை சொல்லி, அடுத்ததைத் தொடங்கினேன்.

விமானத்தின் இரும்புப் படியில் காலை வைத்தேன். அடுத்த படிக்காகக் காலை எடுத்தேன். கம்பியைப் பிடித்தபடி கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தேன். நான் காலை எடுத்த இடத்தில் வெடித்துக் காய்ந்த ஒரு வெறுங்கால் நடுங்கிக்கொண்டே வந்து நின்றது.